பெருமாள்புரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்: இரண்டரை வருடம் தங்கிப் பார்த்து எழுதியது

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் நான் தங்கியிருக்கும் லேடீஸ் ஹாஸ்டலைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், பொங்கல் லீவில்தான் உட்கார முடிந்தது. முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். மொத்தம் 34 பெட். மூன்று பேர் அறைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு மாதம் 6,500 ரூபாய், இரண்டு பேர் அறை என்றால் 7,500. அட்வான்ஸ் 5,000. ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டால் காலி பண்ணுகிற அன்றே முழுப் பணமும் கைக்கு வந்துவிடும், என் அறையிலிருந்து போன இரண்டு பேர் வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். கரண்ட் பில் தனியாகக் கிடையாது.

ஹாஸ்டல் பெயரை மட்டும் போடவில்லை. நடத்துகிறவர் ரிட்டயர்டு ஆன பள்ளிக்கூட டீச்சர், நாங்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். "எழுதணும்னா எழுது தாயி, பேரை மட்டும் போட்டுராத, வந்தவங்ககிட்ட இடம் இல்லன்னு சொல்றதுக்கே எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று கேட்டுக்கொண்டார். ஜூன் மாதம் அந்த வாசலில் மகளும் பெட்டியுமாக வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற அப்பாக்களை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் அவர் சொன்னபடியே விட்டுவிட்டேன். பெயர் தெரியாவிட்டாலும், ஹாஸ்டல் தேடி அலைகிறவர்களுக்குப் போகிற இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திசையன்விளைக்குப் பக்கம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும், தினமும் போய்வருவது நடக்காத காரியம். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலுக்குப் பஞ்சமே இல்லை. தூய யோவான் கல்லூரி 1878-லும் சாராள் தக்கர் 1895-லும் தூய சவேரியார் 1923-லும் வந்தவை, அப்புறம் சித்த மருத்துவக் கல்லூரி, ஹைகிரவுண்டில் மெடிக்கல் காலேஜ், ரகுமத் நகரில் சதக்கத்துல்லா அப்பா என்று வரிசையாக இருப்பதால் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிப்பது இந்த ஊருக்குப் பல தலைமுறைப் பழக்கம். முருகன்குறிச்சியிலிருந்து மகாராஜ நகர் வரை எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு ஹாஸ்டல் போர்டு கண்ணில் படும். எல்லாப் போர்டிலும் எழுதியிருப்பது ஒன்றுதான்: வைஃபை, கீசர், வாஷிங் மெஷின், ஆர்.ஓ. தண்ணீர், சி.சி.டி.வி., வீட்டுச் சாப்பாடு.

2022-இல் பி.எஸ்சி. சேர்ந்தபோது நானும் அப்பாவும் அந்த மாதிரி ஒரு போர்டைப் பார்த்துத்தான் ஓர் இடத்தில் சேர்ந்தோம். அது எந்த இடம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. போர்டில் போட்டிருந்த எல்லாமே அங்கே உண்மையாகவே இருந்தது, அதில் பொய்யே இல்லை. ஆனால் கீசர் சுவிட்ச் வார்டன் அறைக்குள் இருந்தது, காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை போடுவார், அதற்குள் குளிக்காதவள் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டியதுதான். வாஷிங் மெஷின் ஓர் அறையில் பூட்டி இருந்தது, சாவி வாங்க நோட்டில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். லேப் முடிந்து வர நேரமாகும் என்றால் மத்தியானமே போன் பண்ணிச் சொன்னால்தான் ராத்திரிச் சாப்பாடு எடுத்து வைப்பார்கள். எல்லாவற்றையும்விட, காலை ஒன்பதரைக்கு அறைகளைப் பூட்டிவிடுவார்கள், மூன்றரைக்குத்தான் திறப்பார்கள். மாதவிடாய் வந்த முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு மட்டும் ரூம்ல படுத்துக்கிடட்டுமா" என்று கேட்டு, எதற்கு என்று கேட்டதற்கு வாட்ச்மேன் தாத்தா நிற்கும்போதே பதில் சொல்ல வேண்டி வந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. அந்த ஒரு வருடத்தில் "அக்கா ப்ளீஸ்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அதனால்தான் இப்போது யாராவது "அந்த ஹாஸ்டல்ல என்னென்ன வசதி இருக்கு" என்று கேட்டால் நான் வேறு கேள்வி கேட்கிறேன். அந்த வசதியைப் பிள்ளை தானாக எடுத்துக்கொள்ளலாமா, இல்லை ஒவ்வொரு தடவையும் ஒருவரிடம் போய் நின்று கேட்டு வாங்க வேண்டுமா? கேட்டு வாங்குவது என்றால் கூச்சப்படுகிற பிள்ளைக்கு அந்த வசதி இல்லாத மாதிரிதான். சரி, டீச்சர் ஹாஸ்டலுக்கு வருகிறேன். 2023 ஜூனில் சேர்ந்தேன், டிகிரி முடித்து இப்போது எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருடம், அதே பெட்.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன், என் படிப்பும் அதுதான், ஹாஸ்டலில் பெண் பிள்ளைகள் அதிகம் வேதனைப்படுவதும் அதில்தான். பாளையங்கோட்டையில் போர் தண்ணீரில் குளித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சோப்பு நுரைக்காது, தலைமுடி தேங்காய் நார் மாதிரி நிற்கும், வாளியில் வெள்ளையாகப் படியும். பழைய ஹாஸ்டல் தண்ணீரை இரண்டாம் வருடம் எங்கள் லேபில் வைத்து, தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கிற ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் செய்து பார்த்தேன் (எரியோகுரோம் பிளாக் டி என்ற சாயம் போட்டதும் ஒயின் சிவப்பாக நின்றது நீலமாக மாற எவ்வளவு ஊற்ற வேண்டியிருந்தது தெரியுமா, பியூரெட் குழாயை இரண்டாவது தடவை நிரப்பினேன்), லிட்டருக்கு 860 மில்லிகிராம் கடினத்தன்மை வந்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 200 வரை நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை, ஆர்.ஓ. இருந்தது, ஆனால் ஒரு வருடம் முழுக்கத் தலைக்கு ஊற்றினேன்.

டீச்சர் ஹாஸ்டல் போர் தண்ணீரும் உப்புதான், நான் பார்த்தபோது 540 வந்தது. அங்கே அவர் செய்திருக்கும் ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. மாநகராட்சி விடுகிற தாமிரபரணித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அதைப் போர் தண்ணீரோடு கலக்காமல் மொட்டை மாடியில் தனியாக 1,000 லிட்டர் டேங்கில் ஏற்றி, ஒவ்வொரு குளியலறையிலும் நீலக் கைப்பிடி போட்ட ஒரு குழாயில் கொண்டுவந்திருக்கிறார். உடம்புக்கு, துணிக்கு, கக்கூஸுக்குப் போர் தண்ணீர். தலைக்கு நீலக் குழாய், ஆளுக்கு ஒரு வாளி. ஆற்றுத் தண்ணீரை டைட்ரேட் பண்ணினபோது 70-தான் வந்தது. ஒரு தனி டேங்கும் பைப்பும் போட அவருக்கு என்ன செலவாகியிருக்கும், சேர்ந்த நாலாவது மாதம் ஊருக்குப் போனபோது அம்மா என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு "என்ன எண்ணெய் தேய்க்க" என்று கேட்டாள்.

அளவு என்று பார்த்தால் நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைத்துத்தான் குடிநீர்த் திட்டங்கள் போடுகிறார்கள். 34 பேருக்குப் பெருக்கினால் 4,590 லிட்டர். மேலே இருக்கும் டேங்குகள் எல்லாம் சேர்ந்து 5,000, கீழே சம்ப் வேறு. ஹாஸ்டல் பார்க்கப் போகிறவர்கள் மாடிக்கு ஏறி டேங்கின் மேல் எழுதியிருக்கும் லிட்டரைப் பார்த்துவிட்டு, எத்தனை பெட் என்று கேட்டு வகுத்துப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. 2023 டிசம்பர் வெள்ளத்தை விட்டுவிட்டால், நான் சேர்ந்த பிறகு தண்ணீர் நின்ற நாட்கள் மூன்றோ நாலோ இருக்கும், எல்லாம் மோட்டார் பழுது, மாலைக்குள் சரியாகிவிட்டது. ஐந்து பேருக்கு ஒரு குளியலறை வருகிறது, காலையில் ஏழு மணிக்கு மேல் வரிசை நிற்கத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை.

கரண்ட் விஷயம். எந்த ஹாஸ்டலிலும் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு அறைக்குள் வைக்கக் கூடாது என்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அறையில் இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியர், 230 வோல்ட்டோடு பெருக்கினால் 1,380 வாட்ஸ்தான் தாங்கும். கெட்டில் 1,500 வாட்ஸ், இண்டக்‌ஷன் 2,000. ஒயர் சூடாகி உருகத்தான் செய்யும். பழைய இடத்தில் திடீர் திடீரென்று அறைக்குள் வந்து பெட்டிகளைத் திறந்து கெட்டிலை எடுத்துக்கொண்டு போவார்கள், பிள்ளைகள் மறுபடியும் வேறு வாங்கித் துணிக்குள் ஒளித்து வைப்பார்கள். டீச்சர் ஒவ்வொரு மாடியிலும் ஒரு மூலையில் மேடை கட்டி, 16 ஆம்பியர் பிளக் இரண்டு போட்டு, ஒரு கெட்டிலும் ஒரு இண்டக்‌ஷனும் அவரே வாங்கி வைத்துவிட்டார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படிக்கிறவள் போய்க் கருப்பட்டிக் காபி போட்டுக் குடித்துக்கொள்ளலாம் (கருப்பட்டி எங்கள் ஊர் சப்ளை, அம்மா மாதாமாதம் கொடுத்துவிடுவாள்). பாத்திரத்தைக் கழுவி வைக்க வேண்டும், அது ஒன்றுதான் விதி. இரண்டரை வருடத்தில் எங்கள் ஹாஸ்டலில் யாரும் அறைக்குள் கெட்டில் ஒளித்து வைத்து நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் ஒரு பிளக்கும் சின்ன விளக்கும் உண்டு. மற்றவர்கள் தூங்கும்போது மெயின் லைட்டைப் போடாமல் படிக்கலாம், இதன் அருமை மூன்று பேர் அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து நிறுத்தும் நாளில் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும். முன்பு 75 வாட்ஸ் ஃபேன்கள் இருந்தபோது மூன்று மணி நேரம்கூடத் தாங்காதாம், போன வருடம் பதிமூன்று அறையிலும் 28 வாட்ஸ் மட்டும் இழுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் மாற்றியதிலிருந்து அதே இரண்டு பேட்டரியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது.

அப்புறம் துணி காயப்போடுகிற இடம். சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். நான் பார்த்த முக்கால்வாசி ஹாஸ்டல்களில் மொட்டை மாடியில் நாலு கொடி கட்டி விட்டிருப்பார்கள், பக்கத்து வீட்டு மாடியும் எதிர்த்த கடையும் பார்க்கும்படி இருக்கும், பிள்ளைகள் உள்ளாடையைத் துப்பட்டாவுக்கு அடியில் போட்டுக் காய வைப்பார்கள், அது காயாது, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போய்ச் சொறி வந்து டாக்டரிடம் நிற்பார்கள். டீச்சர் மாடியில் வடக்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு ஜாலிக் கல் வைத்துச் சுவர் எழுப்பி, மேலே வெளிச்சம் விழுகிற ஷீட் போட்டிருக்கிறார். காற்று வரும், வெயில் வரும், கண் வராது. ஆனி ஆடியில் அடிக்கிற காற்றுக்குக் கிளிப் இரட்டிப்பாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் துணி மகாராஜ நகர் உழவர் சந்தைக்குப் போய்விடும் என்று சமையல் அக்கா சொல்வார்.

குளியலறைகளில் மூடி போட்ட குப்பைத் தொட்டி, பக்கத்திலேயே பழைய செய்தித்தாள் கட்டு. மாடிப்படி திருப்பத்தில் அலமாரியில் நாப்கின் பாக்கெட்டுகள் இருக்கும், பூட்டு கிடையாது. அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு, பிறகு வாங்கி வைத்துவிட வேண்டும். யாரும் கணக்கு எழுதுவதில்லை, ஆனால் நான் ஒரு நாளும் அதைக் காலியாகப் பார்த்ததில்லை. அறைகளைப் பகலில் பூட்டுவதும் இல்லை, உடம்பு முடியவில்லை என்றால் படுத்துக்கொள்ளலாம், மத்தியானம் டீச்சரே வந்து கதவைத் தட்டி, "ஏட்டி, கஞ்சி வைக்கட்டா?" என்று கேட்பார்.

சாப்பாடு. பக்கா சைவம், வாரம் இரண்டு நாள் மட்டும் முட்டை. காலையில் இட்லி, தோசை, பொங்கல், பூரி என்று மாறி வந்தாலும் செவ்வாயும் வெள்ளியும் ரவா உப்புமாதான், இரண்டரை வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டோம், மாறவில்லை. மத்தியானத்துக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், சாதமும் ஒரு வெஞ்சனமும். ராத்திரி சப்பாத்தி ரொம்ப முறுகலாக இருக்கும். இவ்வளவுதான் குறை. சனிக்கிழமை மத்தியானம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் அவியலும் வரும், அன்றைக்கு ஊருக்குப் போகிறவர்கள்கூடச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதி. தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிந்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் தொட்டுக்கொள்ள. 34 பேருக்குச் சொதி வைப்பது என்றால் எத்தனை தேங்காய் துருவ வேண்டும், அதைப் பொடித் தேங்காய்ப்பால் கலந்து ஒப்பேற்றாமல் துருவித்தான் செய்கிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்த என் அறைத்தோழி முதல் தடவை சாப்பிட்டுவிட்டு, சமையலறைக்கே போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நேரம் கழித்து வருகிறவர்களுக்குத் தட்டில் போட்டு, பெயர் எழுதிய மூடி போட்டு மேசையில் இருக்கும். சொல்ல வேண்டியதில்லை, எட்டரைக்குத் தட்டு எடுக்காதவர்கள் யார் என்று அக்கா பார்த்து எடுத்து வைத்துவிடுவார். எம்.எஸ்சி. லேப் ஆறு மணிக்கு முடிந்து, திருநெல்வேலி ஜங்ஷன் போய் ரெக்கார்டு நோட்டு வாங்கிக்கொண்டு வந்த ஒரு நாள் மழையில் நனைந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தேன், அப்போது கேட் மூடுகிற நேரம் எட்டு மணி. டீச்சர் வாசலில் குடையோடு நின்றார். "போன் எடுக்க மாட்டியா, பயந்துட்டேன்லா" என்று திட்டினார், தலையைத் துவட்டு என்று துண்டைக் கொடுத்தார், சாப்பாடு மேசையில் இருந்தது. திட்டுகிறவர்கள் எல்லா ஹாஸ்டலிலும் இருக்கிறார்கள். எனக்குத் துண்டு கொடுத்தது இவர்தான்.

2023 டிசம்பரைச் சொல்லாமல் இந்த ஹாஸ்டலைப் பற்றி எழுதினால் அது முழுசாக இருக்காது. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, விடாமல் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் பெய்தது அந்த மழைதான். தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் வெள்ளம். எங்கள் தெருவில் வாசல்படி வரைக்கும் தண்ணீர் நின்றது, உள்ளே வரவில்லை. ஞாயிறு ராத்திரி கரண்ட் போனது, விடிவதற்குள் இன்வெர்ட்டரும் போனது, செல்போன் சிக்னல் போனது. அன்றைக்கு ஹாஸ்டலில் இருபத்தாறு பேர் இருந்தோம். மோட்டார் ஓடாது, டேங்கில் இருக்கிற தண்ணீர் எத்தனை நாளைக்கு?

டீச்சர் வீட்டுப் புறவாசலில் ஒரு பழைய அடி பம்பு இருந்தது. அவருடைய மாமனார் காலத்தில் போட்டது, மோட்டார் வந்த பிறகு எல்லா வீட்டிலும் பிடுங்கிப் போட்டார்கள், இவர் மட்டும் வருடா வருடம் வாஷர் மாற்றி வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை அதைத் தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்தார், வந்தது. இரண்டு இரண்டு பேராக முறை வைத்து அடித்தோம், வாளி வாளியாக மாடிக்கு ஏற்றினோம். சமையல் அக்கா வீடு தண்ணீருக்குள் போய்விட்டது, மத்தியானம் அவர் வீட்டுக்காரர், இரண்டு பையன்களோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஹாஸ்டலுக்குத்தான் வந்தார். மெஸ் ஹாலில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பத்தமடைப் பாய் விரித்து, நாலு நாள் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். லேடீஸ் ஹாஸ்டலில் ஆண்கள் தங்கக் கூடாது என்ற விதியை டீச்சர் எங்களிடம் சொல்லி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார், ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. கஞ்சியும் துவையலும் புளிமிளகாயும்தான் மூன்று நாளும். மூன்றாம் நாள் சிக்னல் வந்தபோது டீச்சர் எங்கள் பெயர் எழுதிய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் பண்ணினார், பிள்ளையைப் பேச விட்டார். அப்பா நாலாம் நாள் ரோடு எங்கெங்கோ சுற்றி பைக்கில் வந்து சேர்ந்தார். நான் அப்போது பம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, என் கையிலிருந்து கைப்பிடியை வாங்கி இரண்டு வாளி அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டில் இரும்பு, மெத்தை தேங்காய் நார், முதுகுக்கு நல்லது என்பார்கள், எனக்கு மேலே ஓர் இலவம்பஞ்சு மெத்தை வேண்டியிருந்தது, வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். அலமாரி சின்னது. வைஃபை தரைத்தளத்தில் நன்றாக இருக்கிறது, இரண்டாம் மாடியில் வீடியோ நின்று நின்று ஓடும், போன் நெட்டைத்தான் நம்ப வேண்டும். கொசு உண்டு, ஜன்னலுக்கு வலை அடித்திருந்தும் புறவாசல் கதவைத் திறந்து போட்டால் வந்துவிடும். வண்டி நிறுத்த ஏழு ஸ்கூட்டிக்குத்தான் இடம். ஆனால் டவுன் பஸ் வசதி நன்றாக இருக்கிறது, சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் காசு இல்லை என்பதால் கல்லூரிக்குப் போகவர எனக்குச் செலவே கிடையாது. டிகிரி படித்தபோது அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வந்த 1,000 ரூபாயை அப்படியே ஹாஸ்டல் பணத்தில் சேர்த்துவிடுவேன். இப்போது கீழ் அறைகளில் இருக்கும் தங்கைகள் பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

எட்டு மணிக் கேட் எனக்குக் குறைதான். நூலகத்தில் இருந்து படிக்கிறவளுக்கு ஒன்பது வரை வேண்டும், போன வருடம் எழுதிக் கொடுத்தோம், பி.ஜி. படிக்கிறவர்களுக்கு மட்டும் எட்டரை ஆக்கினார். தசரா ராத்திரி மட்டும் வேறு கணக்கு. பாளையங்கோட்டை தசராவுக்குப் பன்னிரண்டு அம்மன் சப்பரமும் வருகிற அந்த ராத்திரி டீச்சரே எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய், விடிகிற நேரத்துக்குத்தான் திரும்புவோம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பெற்றோர் பார்க்க வேண்டியது இரண்டு உண்டு. பெண்கள் விடுதி நடத்த 2014-ஆம் வருடச் சட்டப்படி கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், டீச்சர் அதை ஃபிரேம் போட்டு நுழைகிற இடத்திலேயே மாட்டி வைத்திருக்கிறார். எங்கே போனாலும் அதைக் காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். இன்னொன்று, சில இடங்களில் வாடகையின் மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்கிறார்கள். ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறார்கள் என்றால் அதற்கு வரி வேண்டாம் என்று 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்து, ஜூலையில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான் வருவார்கள்.

பெரிய குறை என்று நான் சொல்வது இரண்டாம் மாடி வெயில். மேலே தட்டு ஓடு பதிக்கவில்லை, வெறும் கான்கிரீட், பங்குனி சித்திரையில் ராத்திரி பதினொன்றுக்கும் சுவரில் கை வைக்க முடியாது. மேல் மாடிப் பிள்ளைகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு முதல் மாடி வராந்தாவில் வந்து படுப்பார்கள். யாராவது சேர்வதாக இருந்தால் மேல் அறையை எடுக்க வேண்டாம், கிழக்குப் பார்த்த அறை கிடைக்கும் வரை காத்திருங்கள். இதை எழுதி முடித்து டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். உப்புமாவைப் பற்றி எழுதியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மேல் மாடியைப் பற்றி எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அது உள்ளதுதான" என்றார். மாசி பிறப்பதற்குள் மாடி முழுக்கக் கீற்றுப் பந்தல் போட ஆள் பார்த்திருக்கிறாராம். போட்டதும் வெயில் எவ்வளவு குறைகிறது என்று லேபிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து பார்த்துவிட்டு இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.